அட்டையை மாட்டிய கை

முதலில் கண்ணில் பட்டது நான்கு அழுக்குப் பொட்டுகள்தான். ஹாலில், சுவிட்ச் போர்டுக்கு இடப்பக்கம், பெயின்ட் அடித்து மூன்று வாரம்கூட ஆகாத வெள்ளைச் சுவரில், ஒரே வரிசையில், சற்றே வளைந்து, கரியும் சிமென்ட் தூசியும் கலந்த சாம்பல் நிறத்தில் நான்கு பொட்டுகள். வீட்டுக்காரரான வயரிங் சூப்பர்வைசர் ஈரத்துணியை எடுத்துத் துடைத்தார். போய்விட்டது. சமையலறைக்குப் போனால் அங்கேயும் போர்டுக்குப் பக்கத்தில் நான்கு. படுக்கையறையில் நான்கு. குளியலறைக்கு வெளியே ஹீட்டர் சுவிட்ச் அருகிலும் நான்கு.

"ஏய் வாலு, இங்க வா," என்று மகளைக் கூப்பிட்டார். "சுவத்துல கை வெச்சியா?"

"நான் வெக்கலப்பா."

"வெக்காம எப்படி வரும்? வானத்துலேருந்து குதிச்சுதா?"

பத்து வயதுக்காரிக்குப் பழியைச் சும்மா சுமக்கப் பிடிக்காது. பொட்டுகளைக் கிட்டப்போய்ப் பார்த்தாள். "இது விரல் நுனி இல்லப்பா. பாருங்க, இப்படி மடக்கித் தட்டினாத்தான் இந்த மாதிரி விழும்." கையை மடக்கி, விரல் முட்டிகளை அந்த நான்கின் மேல் வைத்துக் காட்டினாள். அவளுடைய நான்கு முட்டிகளும் மூன்று பொட்டுகளின் அகலத்துக்குத்தான் வந்தன.

"பெயின்டரோட வேலை. அவன் கை கழுவிப் பாத்தவங்க யாரு இருக்காங்க," என்று சொல்லிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிற ஆள் ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். அவன் செத்து இரண்டு வருஷமாகிறது.

வயரிங் வேலை செய்பவர்கள் பொதுவாகவே சந்தேகமுள்ள இரும்பைப் புறங்கையால்தான் தொடுவார்கள். உள்ளே கரண்ட் இருந்தால் கை தானாக மடங்கிக்கொள்ளும். புறங்கை என்றால் மடங்கும்போது விலகி வந்துவிடும். உள்ளங்கை என்றால் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு விட நினைத்தாலும் விடாது. செத்துப்போன அந்த வயர்மேனுக்கு அது வேலைப் பழக்கம் என்பதையும் தாண்டி வாழ்க்கைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், டீ கிளாஸ், எதுவானாலும் முதலில் புறங்கை. 'பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் தொட்டுப் பாத்தியாடா?' என்று கூட இருப்பவர்கள் சீண்டுவார்கள். 'ஆமாண்ணே, எர்த் நல்லா இருந்துச்சு, அதான் சரின்னுட்டேன்,' என்பான். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் அவன் பெயர் புறங்கைதான்.

மழை நான்கு நாளாக விடவில்லை. வீட்டுக்குள் எந்நேரமும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. இது அவர் சொந்தமாகக் கட்டிய வீடு, அவரே மேற்பார்த்த வயரிங். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படியும் மேல்தளத்தில் எங்கோ ஈரம் இறங்கிக் கசிவு பிரேக்கர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. மின்சாரம் போகக்கூடாத வழியில் கொஞ்சம் ஒழுகினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டி உயிரைக் காப்பாற்றும் சின்னப் பெட்டி அது. அது இல்லாத வீட்டுக்குச் சான்று தரக்கூடாது என்பது விதி.

"துணி பாதி துவைச்சு நிக்குதுங்க," என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறீங்க. நம்ம வீட்டுல ஒரு மிஷின் முழுசா ஓட மாட்டேங்குது."

அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்துப் பிரேக்கரைத் தாண்டி லைனைச் சேர்த்துவிட்டார். மழை விட்டதும் எடுத்துவிடலாம், இரண்டு நாள்தானே. இதே காரியத்தைச் செய்தவர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்.

புதன்கிழமை மதியம், மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில், அவர் ஹாலில் உட்கார்ந்து ஆய்வு அறிக்கை ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே, நடைப் பக்கத்துச் சுவருக்குள், சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. சற்று நின்று, மறுபடி சர். குழாய்க்குள் ஒயர் இழுக்க முதலில் தள்ளுகிற எஃகு ஸ்பிரிங்கின் சத்தம் அது. வளைவில் முட்டி, நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி நுழைகிற சத்தம். இருபத்தைந்து வருஷமாகக் கேட்ட சத்தத்தில் அவர் ஏமாறமாட்டார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். அந்த நொடி மின்விசிறி மெதுவாகி நின்றது.

வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சைப் பார்த்தார். கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. கைப்பிடியில் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி ஓர் அட்டை தொங்கியது. ஒயர் வருகிற பெட்டியிலிருந்து கத்தரித்த அட்டை. சிவப்புப் பெயின்ட்டில் கையெழுத்து.

ஆள் வேலையில். போடாதே.

கடைசி எழுத்துக்கு இடம் போதாமல், அதை மட்டும் கீழே தள்ளி எழுதியிருந்தது. அட்டையின் ஒரு மூலை கருகியிருந்தது.

 அந்த அட்டையை அவர் எரித்திருந்தார். காலியான பெயின்ட் டப்பாவில் போட்டு, சாம்பலாகும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். முடிவுச் சான்றுக்காக அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். கட்டடம் இருட்டாக இருந்தது. சாப்பாட்டு நேரம், ஆட்களெல்லாம் வெளியே போய்விட்டதாகச் சூப்பர்வைசர் நினைத்தார். மெயினில் புறங்கையின் அட்டை தொங்கியது. விதி அவருக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் அவரே சொல்லிக்கொடுப்பது: அட்டையை மாட்டிய கைதான் கழற்ற வேண்டும், வேறு எந்தக் கையும் அதைத் தொடக்கூடாது. படிக்கட்டைப் பார்த்து, "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுத்தார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பிடியை மேலே தள்ளினார். எல்லா மாடியிலும் விளக்கு வந்தது. அதிகாரி தலையாட்டினார். இரண்டாம் மாடி விளக்கு மட்டும் ஒரே ஒரு தரம் மங்கி, பிறகு சரியாக எரிந்தது.

புறங்கையைக் கண்டுபிடித்தபோது செம்புக் கம்பி அவன் உள்ளங்கைக்குள் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். அட்டை இல்லை. ஃபைலில், தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

இப்போது அதே அட்டை அவர் வீட்டு மெயினில். யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழைய ஆட்கள் யாரோ, விஷயம் தெரிந்தவன் யாரோ. அட்டையைப் பிடுங்கித் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கைப்பிடியை மேலே தள்ளினார். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. நடைக்கு மேலிருந்த பரணில் எதுவோ பொத்தென்று விழுந்தது. ஹால் விளக்கு ஒரு தரம் மங்கியது.

அன்று மாலை மகளைக் கூப்பிட்டு மெயின் முன்னால் நிறுத்தினார். ஏன் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை; பயம் எங்கேயாவது வழிய வேண்டுமே. "இதுல அட்டை தொங்கினா கிட்டயே போகக்கூடாது. புரிஞ்சுதா? அட்டை இல்லேன்னாலும் சட்டுனு போட்டுடக்கூடாது. உள்ள யாராவது இருக்கீங்களான்னு சத்தமா கேக்கணும். பத்து எண்ணணும். பதில் வரலேன்னாத்தான் போடணும்."

"பத்து வயசுக் குழந்தைக்கு இதென்னங்க டிரெயினிங்கு?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சு வெச்சுக்கட்டும்."

"ஸ்டூல் போட்டா எனக்கு எட்டும்பா," என்றாள் மகள் பெருமையாக.

வியாழக்கிழமை அவர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மதியமே நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். சைட்டுக்குப் போவதாகத்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார். போக மனம் வரவில்லை. வீடு இருட்டாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிதான், ஆனால் மழை ஜன்னல்களை மூடியிருந்தது. மெயின் கைப்பிடி கீழே. அட்டை, கிழியாமல், ஒட்டுப்போட்ட அடையாளம்கூட இல்லாமல், முழுசாகத் தொங்கியது.

அப்போது பையில் போன் அதிர்ந்தது. புறங்கையின் மனைவி. மாதத்துக்கு ஒருதரம் கூப்பிடுகிறவள்தான். இன்று குரலில் அவசரம் இருந்தது.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு ஃபைலை மூடிடுவாங்களாம். அதுக்கப்புறம் யாரு சொன்னாலும் எடுக்க மாட்டாங்களாம். ஒரே ஒரு வரி நீங்க எழுதிக் குடுத்தா போதும் சார். அட்டை இருந்துச்சுன்னு."

"எத்தனை தடவைம்மா சொல்றது."

"டீ கிளாஸைக்கூட உள்ளங்கையால எடுக்காத மனுஷன் சார் அவரு. கம்பிய உள்ளங்கையால பிடிச்சிருந்தாருன்னா, மெயின்ல தன் அட்டை தொங்குதுங்கற நம்பிக்கையிலதானே பிடிச்சிருப்பாரு? நீங்களே சொல்லுங்க. என் பையன் கேக்கறான் சார், அப்பா அசால்ட்டா இருந்துட்டாராம்மான்னு. அவனுக்கு நான் என்ன சொல்ல?"

அவருக்குப் பதில் தெரியும்.  அந்த ஒரு வரியை எழுதினால் லைசென்ஸ் போகும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம், மகள் பள்ளியில் பிள்ளைகள் கைநீட்டிப் பேசுவார்கள். எதிரே அட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. பரணுக்குள் யாரோ முட்டியால் மூன்று தரம் தட்டினார்கள். டக். டக். டக்.

"அட்டை இல்லம்மா," என்றார். "நான் பார்த்தேன். அட்டை இல்லை."

மறுமுனையில் அவள் போனை வைத்துவிட்டாள். 

தட்டல் நின்றுவிட்டது. ஸ்பிரிங் சத்தம் தொடங்கியது. கூடவே ஒரு வாசனை இறங்கியது, சூடான பிளாஸ்டிக்கும் கருகிய தோலும் சேர்ந்த வாசனை. மெயின் விழுமுன்பே ஒயர் தீய்ந்து புகைகிறதோ? இந்த ஈரத்தில் பரணில் தீ பிடித்தால் வீடே போய்விடும். பயத்தைவிடத் தொழில் முந்திக்கொண்டது. கருகிய அட்டையைக் கழற்றி ஜன்னல் வழியாக மழைக்குள் வீசினார். டூல் பாக்ஸிலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்துக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அட்டையோடு பூட்டும் போட வேண்டும் என்பது விதி. பூட்டு பெட்டியிலேயே கிடந்தது. சொந்த வீட்டில் யாருக்குப் பூட்டு?

பின்னறையில் ஏணி வைத்துப் பரணில் ஏறினார். நடை முழுக்க ஓடுகிற கான்கிரீட் பரண். குனிந்து, பிறகு மண்டியிட்டு, கடைசியில் வயிற்றால் ஊர்ந்துதான் போக முடியும். தளத்திலிருந்து நீர் கசிந்து பரணெங்கும் ஒரு விரல் ஆழத்துக்குத் தேங்கியிருந்தது. சட்டை, பேன்ட், எல்லாம் நனைந்தது. டார்ச் வெளிச்சத்தில் கடைக்கோடியில், ஒயர்கள் வந்து சேருகிற ஜங்ஷன் பாக்ஸ் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பரண் தரையில் ஒரு வட்ட ஓட்டை, விளக்கு பொருத்த விட்டு வைத்தது. அதன் வழியாக வாசல் பக்கத் தரை ஒரு துண்டு தெரிந்தது.

ஜங்ஷன் பாக்ஸ் திறந்திருந்தது. மூடி பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. மூடிக்குள் நான்கு திருகாணிகள், ஒரே திசையில் தலை வைத்து, வரிசையாக. திருகாணிகளை அப்படி அடுக்கி வைக்கிற ஆள் ஒருவன்தான்.

திரும்பிவிடு என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. ஆனால் பெட்டிக்குள் இரண்டு ஒயர்கள், தோல் சீவி, செம்பு பளபளக்க, முறுக்காமல் பாதியில் நின்றன. அரைகுறை ஜாயின்ட். கீழே தண்ணீர். இதை இப்படியே விட்டுப் போக எந்த வயரிங் ஆளாலும் முடியாது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை, குளிர்ந்த செம்பு. மெயின் கீழே, அட்டை தொங்குகிறது, பயப்பட என்ன இருக்கிறது. இரண்டு முனைகளையும் சேர்த்து உள்ளங்கையில் பிடித்து முறுக்கினார்.

கை திரும்பவில்லை.

விரல்களை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. டார்ச் உருண்டு அவர் பக்கம் திரும்பி நின்றது. அவருடைய மூடிய கையின் மேல் இன்னொரு கை மூடியிருந்தது. முட்டிகளில் கரி. நகக்கண்களில் சிமென்ட். சில்லென்று, ஈரமாக, பொறுமையாக. கைக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

கீழே வாசற்கதவு திறந்தது. குடை மடக்கும் சத்தம்.

"கரண்ட் இல்லியாம்மா?" மகள்.

"எதிர் வீட்டுல எரியுதே. நம்ம வீட்டுலதான் மெயின் விழுந்திருக்கு. உங்கப்பாவுக்குப் போன் பண்றேன் இரு."

அவர் பேன்ட் பையில் போன் அதிர்ந்தது. உடம்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே, சத்தமில்லாமல். இடது கையை அசைக்க முடிந்தது. பைக்குக் கொண்டுபோனார். எட்டவில்லை. மார்பில் கை பட்டது. சட்டைப் பையில் எதுவோ இருந்தது.

அட்டை.

தடவினார். கட்டுக்கம்பி, இரண்டு சுற்று. அவர் கட்டிய அதே சுற்று. அவருடைய அட்டை. மெயினில் இருக்க வேண்டிய அட்டை.

போன் நின்றது.

"எடுக்கல. வண்டியும் இல்ல, சைட்ல இருப்பாரு."

"நான் போடறேன்மா. ஸ்டூலை எடுத்துட்டு வரேன்."

"அட்டை தொங்குதா பாரு முதல்ல. தொங்கினா தொடாதே."

வேண்டாம் என்று கத்தினார். சத்தம் வரவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது, இடது கையும் அட்டையைப் பிடித்தபடியே மரத்துவிட்டது. நாக்கில் செம்பின் ருசி. கீழே, வட்ட ஓட்டைக்குள், ஸ்டூலின் கால்கள் வந்து நின்றன. இரண்டு சின்னப் பாதங்கள் அதன் மேல் ஏறின.

"அட்டை இல்லம்மா. நான் பார்த்தேன். அட்டை இல்லை."

அவருக்கு அழுகை முட்டியது. இருந்தது. இருந்தது. நான்தான் கழற்றினேன். நாளைக்கு எழுதித் தருகிறேன், இப்போதே எழுதித் தருகிறேன். உதடு மட்டும் அசைந்தது. மேலே மூடியிருந்த கை இறுக்கவுமில்லை, தளர்த்தவுமில்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா? மெயின் போடப் போறேன்!"

மகள் குரல் வீடெங்கும் கணீரென்று கேட்டது. சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் காத்திராத இடத்தில் அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

முழங்காலால் பரணை இடித்தார். தண்ணீர்தான் அலைந்தது.

"நாலு. அஞ்சு."

"சீக்கிரம்டி, தலை துவட்டணும்."

"இரும்மா. பத்து எண்ணணும்னு அப்பா சொல்லியிருக்காரு. ஆறு. ஏழு."

காதருகே மூச்சு. கருகிய வாசனை. அவரோடு சேர்ந்து அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு."

இருக்கிறேன்.

"ஒம்பது."

இருக்கிறேன், கண்ணு.

"பத்து," என்றாள். ஸ்டூலின் மேல், மழையில் நனைந்த அந்த இரண்டு குதிகால்களும் மெல்ல எழும்பின.